மஞ்சள் பத்திரிகையில் மஞ்சள் எப்படி வந்தது?

விளாங்குடி_வாசகன்:

போன வாரம் அக்கா மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்து வந்தது. கூடத்தில் பாயை விரித்து, கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு, வீட்டில் இருந்த அத்தனை பேரும் உட்கார்ந்து நாலு மூலைக்கும் தடவிக்கொண்டிருந்தோம். மாமா ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, இது இப்ப மஞ்சள் பத்திரிகை ஆயிருச்சே" என்று சொல்லி அவரே முதலில் சிரித்தார். பெரியவர்கள் எல்லாரும் சிரித்தோம். ஏழாவது படிக்கிற என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. "மஞ்சள் பத்திரிகைன்னா நல்லதுதானப்பா, எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தாலிக்கு மஞ்சள் கயிறு, பெரியவளானால் மஞ்சள் நீராட்டு, சித்திரைத் திருவிழாவில் தண்ணி பீய்ச்சுகிறவர்கள் கையில்கூட மஞ்சள் தண்ணி, துணிக்கடையில் மஞ்சள் பை. நம் ஊரில் மஞ்சள் எங்கேயும் கெட்டதாக இல்லை. அப்படியிருக்க கண்டதையும் எழுதுகிற பத்திரிகைக்கு மட்டும் எப்படி மஞ்சள் என்று பெயர் வந்தது? "மட்டமான பேப்பரில் அடிப்பான், அது சீக்கிரம் பழுத்துரும், அதான்" என்கிறார் அப்பா. ஆபீஸில் கூட வேலை பார்க்கிற ஒருவர், அமெரிக்கப் பேப்பரில் வந்த ஒரு காமிக்ஸ் பையன் மஞ்சள் சட்டை போட்டிருப்பான், அதிலிருந்து வந்த பெயர் என்கிறார். அந்தச் சட்டைக்கு மஞ்சள் அடித்ததே புது மை காய்கிறதா என்று சோதித்துப் பார்க்கத்தானாம். கேட்க நன்றாக இருக்கிறது, அதனாலேயே எனக்குச் சந்தேகம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மகளிடம் இரண்டு நாள் தவணை வாங்கியிருக்கிறேன்.

சிம்மக்கல்_சைக்கிள்:

அப்பா சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன். பழைய பேப்பர் கடையில் போய்ப் பாருங்கள், எல்லாம் மஞ்சளாகத்தான் கிடக்கும். அப்புறம், மஞ்சள் எங்கேயும் கெட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடனைக் கட்ட முடியாமல் திவாலானவனை "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்" என்கிறோமே, அது என்ன மங்கலமா?

திருப்பரங்குன்றம்_டீச்சர்:

சைக்கிள் தம்பி, பழைய பேப்பர் என்றால் யோக்கியமான பேப்பரும்தான் பழுக்கும். முப்பது வருஷத்துக்கு முந்தைய தலையங்கத்தை எடுத்துப் பாருங்கள், அதுவும் மஞ்சள்தான். மஞ்சக் கடுதாசிக்கு மட்டும் பதில் இல்லை, அந்த மஞ்சள் வேறு கதை.

வாசகன் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் ஆபீஸ் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. காமிக்ஸ் பையன் நிஜம். மை சோதனை கட்டுக்கதை.

அந்தப் பையன் பெயர் மிக்கி டூகன். ஊர் அவனுக்கு வைத்த பெயர் யெல்லோ கிட், மஞ்சள் பொடியன். வரைந்தவர் ரிச்சர்ட் அவுட்கால்ட். ஒஹையோ மாநிலத்துக்காரர், 1863-ல் பிறந்தவர். எடிசனிடம் இயந்திரப் படங்கள் வரைகிற வேலையில் இருந்தவர், 1889-ல் பாரிஸ் கண்காட்சிக்கு எடிசனின் சாமான்கள் போனபோது இவரும் கூடவே போனார். அப்புறம் நியூயார்க்கில் நகைச்சுவைப் பத்திரிகைகளுக்கு வரைய ஆரம்பித்தார். இந்த மொட்டைத்தலைப் பையன் 1894-ல் ட்ரூத் என்ற பத்திரிகையில் ஓரத்தில் நிற்கிற பல பிள்ளைகளில் ஒருவனாகத்தான் முதலில் தலை காட்டினான். 1895 பிப்ரவரியில் அந்தப் படங்களில் ஒன்றை ஜோசப் புலிட்சருடைய நியூயார்க் வேர்ல்டு எடுத்துப் போட்டது. அதே வருஷம் மே 5-ல், அந்தப் பேப்பரின் ஞாயிறு இணைப்பில், ஹோகன் சந்து என்ற தலைப்பில் வண்ணத்திலேயே வந்தது.

சந்து என்றால் சந்துதான். நியூயார்க்கில் அடுக்கடுக்காக ஏழைகள் குடியிருந்த பகுதி, அயர்லாந்திலிருந்தும் மற்ற தேசங்களிலிருந்தும் வந்த குடும்பங்கள், தெரு பூராவும் பிள்ளைகள். பெரிய மனிதர்கள் செய்வதை எல்லாம் அந்தப் பிள்ளைகள் தெருவில் செய்து பார்க்கும்: சர்க்கஸ், கோல்ஃப், நாய்க் கண்காட்சி. ஒரே பெரிய படம், அதற்குள் முப்பது நாற்பது உருவம், சுவரெல்லாம் எழுத்து. நாம் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தெரிந்த முகத்தைத் தேடுவோமே, அது மாதிரி ஒவ்வொரு மூலையாகத் தேடிப் படிக்க வேண்டிய படம். இங்கிலீஷ் சரியாக வராத ஜனங்களும் வாங்கினார்கள் என்றால் காரணம் இதுதான்.

பொடியனை எப்படிச் சொல்ல? மொட்டைத்தலை, ஏழைப் பிள்ளைகளுக்குப் பேன் தொல்லைக்கு மழிப்பார்களே அந்த மொட்டை. விரிந்த காது, முன்னால் தள்ளிய பல், வெறுங்கால், கணுக்கால் வரை தொங்குகிற அண்ணன் காலத்து இரவுச் சட்டை. முகத்தில் அசட்டுச் சிரிப்பு, ஆனால் பையன் அசடு இல்லை. கொஞ்ச நாளில் அவன் பேச்செல்லாம் அந்தச் சட்டையிலேயே எழுத்தாக வர ஆரம்பித்தது, சந்துப் பிள்ளைகள் பேசுகிற கொச்சையில், எழுத்துப் பிழையோடு.

கவனியுங்கள், 1895 மே மாதப் படத்தில் சட்டை நீலம். 1896 ஜனவரி 5-ல் வந்த கோல்ஃப் படத்திலிருந்துதான் அது நிலையாக மஞ்சள் ஆனது.

அப்புறம் சண்டை. வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்து 1895-ல் நியூயார்க் ஜர்னலை வாங்கினார். அப்பா வெள்ளிச் சுரங்கத்தில் சேர்த்த பணம், பிள்ளை பேப்பரில் கொட்டினார். வேர்ல்டு இரண்டு சென்ட் விற்றபோது இவர் ஒரு சென்ட்டுக்குக் கொடுத்தார். 1896-ல் வேர்ல்டின் ஞாயிறு ஆசிரியரையும் அவர் ஆட்களையும் மொத்தமாக இழுத்துக்கொண்டார், அக்டோபரில் அவுட்கால்டையும் கொண்டுபோனார். தன் வண்ண இணைப்புக்கு ஹெர்ஸ்ட் கொடுத்த விளம்பரத்தைக் கேளுங்கள்: அதற்குப் பக்கத்தில் வைத்தால் வானவில்லே ஈயக்குழாய் மாதிரித் தெரியுமாம்! பட்டாசுக் கடை நோட்டீஸ்கூட இவ்வளவு தைரியமாக எழுதாது.

இங்கேதான் வேடிக்கை. புலிட்சர் சும்மா விடவில்லை. ஹோகன் சந்து என்ற தலைப்பு அவர் பேப்பருடையது. ஜார்ஜ் லக்ஸ் என்ற இன்னொரு ஓவியரை வைத்து அதே பையனை வரைய வைத்தார். அவுட்கால்ட் ஜர்னலில் வேறு தெருப் பெயர் வைத்து அதே பையனை வரைந்தார். ஒரே ஊரில், ஒரே ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேப்பரில், இரண்டு பேர் கையில், ஒரே மஞ்சள் சட்டைப் பையன். ஊர்ச் சுவரெல்லாம் அவன் போஸ்டர். இந்த இரண்டு பேப்பரும் அப்போது கொலை, கற்பழிப்பு, வதந்தி என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டிருந்தன. அதைப் பிடிக்காத நியூயார்க் பிரஸ் என்ற இன்னொரு பேப்பரின் ஆசிரியர் எர்வின் வார்ட்மேன் 1897-ல் இவர்கள் செய்வதற்கு மஞ்சள் பத்திரிகைத் தொழில் என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. பொடியன் 1898 தொடக்கத்தில் நின்றுபோனான். அந்த வருஷம் பிப்ரவரியில், ஸ்பெயின் ஆண்டுகொண்டிருந்த கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் மெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து 260 பேருக்கு மேல் செத்தபோது, ஸ்பெயின்தான் செய்தது என்று இந்தப் பேப்பர்கள் போட்ட கூச்சலில் அந்தப் பெயர் உலகம் பூராவும் போய்விட்டது.

பாவம் பையன், அவன் ஒரு வதந்தியும் எழுதவில்லை.

ஆப்செட்_அண்ணாச்சி:

டீச்சரம்மா வரலாறு சொல்லிவிட்டார்கள், மை விஷயத்துக்கு நான் வருகிறேன். சிவகாசியில் பதினொரு வருஷம் மெஷினில் நின்றவன், அப்புறம் மதுரையில் சின்னதாகச் சொந்தப் பிரஸ் வைத்திருந்தேன், இப்போது பையன் பார்க்கிறான்.

அந்தக் கட்டுக்கதை எப்படி ஓடுகிறது என்றால், மஞ்சள் மை காயாமல் ஈசிக்கொண்டே இருந்ததாம், ஃபோர்மேன் ஒரு புது மையைக் கண்டுபிடித்து, சோதித்துப் பார்க்கக் காலி இடம் தேடினாராம், பையன் சட்டை வெள்ளையாகக் கிடந்ததாம். மெஷினில் நின்றவன் இதை நம்பமாட்டான். மஞ்சள் மை அந்தப் பேப்பரில் அதற்கு முன்னாலேயே அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள், மஞ்சள் இல்லாமல் பச்சை எப்படி வரும், ஆரஞ்சு எப்படி வரும்? அதோடு, நியூஸ்பிரிண்ட் மையை உறிஞ்சிக் குடித்துத்தான் காயும். பளபளவென்று இருக்கிற ஆர்ட் பேப்பரில்தான் காயாமல் மறுதாளின் முதுகில் ஒட்டுகிற தொல்லை எல்லாம். ஒரு மையைச் சோதிக்க வேண்டுமானால் வீணாகப் போகிற தாளில் ஓட்டிப் பார்ப்பார்களே தவிர, லட்சக்கணக்கில் விற்கிற ஞாயிறு பேப்பரில் யாரும் பரீட்சை வைக்கமாட்டார்கள்.

மஞ்சளில் நிஜமான கஷ்டம் வேறு. நாங்கள் ஒரு கலர் மெஷினில் நாலு கலர் அடிப்போம், அதாவது ஒரே தாள் நாலு தடவை உள்ளே போய் வரும், பெரும்பாலும் மஞ்சள்தான் முதலில். வெள்ளைத் தாளில் மஞ்சள் அடித்தால் கண்ணுக்குச் சரியாகத் தெரியவே தெரியாது, ட்யூப்லைட் வெளிச்சத்தில் சுத்தம். மையின் அளவு கூடுகிறதா குறைகிறதா, பிளேட் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க நீலக் கண்ணாடித்தாளைக் கண் முன்னால் பிடித்துப் பார்ப்போம், அப்போது மஞ்சள் கறுப்பாகத் தெரியும். அதைச் செய்யச் சோம்பல்பட்டு நான் ஒருமுறை பட்டேன். மீனாட்சியம்மன் காலண்டர், ஒரு நகைக்கடைக்கு. ஃபோன் வந்தது, பேசிக்கொண்டே இருந்துவிட்டேன், மஞ்சள் மை தொட்டியில் ஒரு பக்கம் வற்றிப்போனது தெரியவில்லை. அன்றைக்கு மஞ்சள் மட்டும்தானே ஓடியது, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சிவப்பு போட்டு, மறுநாள் நீலம் ஓட்டும்போது பார்த்தால், பச்சை மேனியாக வர வேண்டிய ஆத்தா பாதித் தாளில் நீலமாக வந்து நிற்கிறாள், கையில் கிளியும் நீலம். மெஷின் பையன் "அண்ணாச்சி, பெருமாள் மாதிரி இருக்கு" என்றான். ஐந்நூற்றுச் சொச்சம் தாள் கழிவு. கடைக்காரரிடம் சொல்லவில்லை, ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

அப்படியானால் பையன் சட்டை ஏன் மஞ்சள்? இது என் அனுபவத்தில் சொல்வது. அவன் சட்டை என்பது எழுதுகிற பலகை. நீலச் சட்டையில் கறுப்பு எழுத்து போட்டால் யார் படிப்பது? மஞ்சள் மேல் கறுப்பு தூரத்திலிருந்தே கண்ணில் அடிக்கும். நம் மதுரை ஜங்ஷன் பலகையைப் பாருங்கள், மஞ்சளில் கறுப்பு. நாற்பது பேர் நிற்கிற படத்தில் ஒருத்தன் மட்டும் கொட்டை மஞ்சளில் நின்றால் கண் நேராக அவனிடம்தான் போகும். ஓவியன் கேட்டானோ அச்சுக்காரன் போட்டானோ, போட்டவனுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது.

சிம்மக்கல்_சைக்கிள்:

சரி, பழுத்த பேப்பர் வாதத்தை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒரே பையனை இரண்டு பேப்பர் போட்டது எனக்குப் புதுசாகத் தெரியவில்லை. நம்மூர் ஜிகர்தண்டா கடைகளைப் பாருங்கள். இவர் போர்டிலும் "ஒரிஜினல்", அவர் போர்டிலும் "ஒரிஜினல்", இரண்டு பேரும் "எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது". எது முதல் கடை என்று கேட்டால் ஆளுக்கொரு தாத்தா பெயர் சொல்வார்கள். கோர்ட்டுக்குப் போகவில்லையா அந்த அவுட்கால்ட்?

திருப்பரங்குன்றம்_டீச்சர்:

போனார் தம்பி, அதாவது முன்கூட்டியே பதிவு செய்யப் பார்த்தார். 1896 செப்டம்பரில், பேப்பர் மாறுவதற்கு முன்னாலேயே, பையன் உருவத்துக்கு உரிமை கேட்டு எழுதினார். யெல்லோ கிட் என்ற பெயருக்குத்தான் பாதுகாப்பு கிடைத்தது, உருவத்துக்குக் கிடைக்கவில்லை. ஆக லக்ஸ் வரையலாம், சட்டையில் குத்திக்கொள்கிற வில்லை பட்டன் செய்கிறவன் பட்டன் செய்யலாம், சிகரெட் கம்பெனிக்காரன் ஒவ்வொரு பாக்கெட்டோடும் பையன் முகம் போட்ட பட்டன் கொடுக்கலாம். மொட்டைத்தலையை வைத்து ஊரே சம்பாதித்தது.

அவுட்கால்ட் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. 1902-ல் நியூயார்க் ஹெரால்டில் பஸ்டர் பிரவுன் என்ற பணக்கார வீட்டுச் சேட்டைப் பையனையும் அவன் நாயையும் கொண்டுவந்தார், பெயரைச் சாமான்களுக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தார். 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் ஒரு செருப்புக் கம்பெனி பிடித்துக்கொண்டது, பஸ்டர் பிரவுன் ஷூ அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் விற்றது. ஆனால் 1906-ல் அவர் மறுபடி ஹெர்ஸ்டிடம் போனபோது பழைய கதையே திரும்ப நடந்தது. தலைப்பு ஹெரால்டுக்கு, பாத்திரங்கள் இவருக்கு. இவர் தலைப்பே இல்லாமல் வரைந்தார்.

இதைவிட நல்ல வழக்கு ஹான்ஸ், ஃப்ரிட்ஸ் என்ற இரட்டை வால் பையன்களுடையது. ருடால்ஃப் டர்க்ஸ் என்ற ஜெர்மன்காரர் 1897 டிசம்பரில் ஹெர்ஸ்டுக்காக ஆரம்பித்தது, காட்ஸன்ஜாமர் கிட்ஸ். 1912-ல் டர்க்ஸ் கொஞ்ச நாள் ஐரோப்பா போய்வரக் கிளம்பினார், முதலாளிக்குப் பிடிக்கவில்லை, தகராறு, கோர்ட். தீர்ப்பு: தலைப்பு பேப்பருக்கு, பையன்களை வரைகிற உரிமை டர்க்ஸுக்கும் உண்டு. விளைவு, ஒரே பையன்கள் இரண்டு தலைப்பில், இரண்டு கம்பெனிக்காக, 1970-கள் வரைக்கும் வந்துகொண்டிருந்தார்கள். உங்கள் ஜிகர்தண்டா உவமைக்கு இதுதான் சரியான ஜோடி. இரண்டுமே ஒரிஜினல் என்று கோர்ட்டே சொன்ன மாதிரி.

தெப்பக்குளம்_தாத்தா:

எல்லாரும் அமெரிக்காவிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். நம் ஊருக்கு வந்த மஞ்சள் பத்திரிகை அங்கே சொன்ன மஞ்சள் இல்லை. அங்கே அதற்கு அர்த்தம் பரபரப்பு, மிகைப்படுத்தல், போர்க் கூச்சல். இங்கே அதற்கு அர்த்தம் அந்தரங்கம். யார் யார் வீட்டுக்குப் போனார்கள் என்கிற விவகாரம். இந்தச் சொல்லைக் கேட்டால் என் வயசுக்காரர்களுக்கு முதலில் வருகிற பெயர் லட்சுமிகாந்தன். அவர் நடத்திய பத்திரிகைகள் முதலில் சினிமா தூது, அப்புறம் இந்து நேசன். சினிமாக்காரர்களைப் பற்றி அதில் வந்ததைப் படிக்காதவர்கள் குறைவு, படித்தேன் என்று ஒப்புக்கொண்டவர்கள் அதைவிடக் குறைவு. என் பெரியப்பா அதை வேறொரு பேப்பருக்குள் மடித்து வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து படிப்பாராம். பாட்டி, "என்னடா அந்தப் பேப்பரை மட்டும் இவ்வளவு நேரம் படிக்கிற" என்று கேட்பாளாம். அவளுக்குத் தெரியும்.

1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள், மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்தக் கொலை வழக்கில் அப்போதைய பெரிய நடிகர்களான தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி, தண்டனை பெற்று, இரண்டு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு 1947-ல் விடுதலையானார்கள். வெளியே வந்த பாகவதருக்குப் பழைய இடம் கிடைக்கவில்லை.

ஆக, அந்த மொட்டைப் பையனுக்கும் இதற்கும் நடுவில் சொல் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது பாருங்கள். இங்கிலீஷில் சொன்னதை நாம் அப்படியே மஞ்சள் என்று மொழிபெயர்த்துக்கொண்டோம், பையன் கப்பல் ஏறவில்லை, சட்டை மட்டும் வந்தது. அதனால்தான் வாசகன் மகளுக்குப் புரியவில்லை. நீலப் படம் என்கிறோமே, அதுவும் இந்த மாதிரி வந்த நிறம்தான். குழந்தை இருக்கிற இடத்தில் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள்.

நிறம் என்றால் இன்னொன்றும் சொல்லலாம். நம் சேதுபதி பள்ளியில் 1904-ல் சில மாதம் தமிழ் வாத்தியாராக இருந்துவிட்டுப் போன பாரதி, 1906-ல் இந்தியா பத்திரிகைக்குப் போனாரே, அது சிவப்புத் தாளில் வந்தது. தமிழில் கருத்துப்படத்தை விடாமல் போட்டுப் பழக்கியதும் அதுதான். ஆனால் சிவப்புப் பத்திரிகை என்று ஒரு சொல் நம்மிடம் நிற்கவில்லை. வசவுதான் நிலைக்கும் போல.

கன்னித்தீவு_ரசிகன்:

டீச்சரிடம் ஒரு கேள்வி. யெல்லோ கிட்தான் உலகத்தின் முதல் காமிக்ஸ் என்று நிறைய இடத்தில் போட்டிருக்கிறார்கள். ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஒரே படம். கட்டம் கட்டமாகக் கதை போகவில்லை என்றால் அது எப்படி காமிக்ஸ்? நம் கன்னித்தீவு மூன்று கட்டமாவது இருக்கும். எங்கள் வீட்டில் காலையில் தினத்தந்தி வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவோம், சிந்துபாத் ஒரு அடி நகர்ந்திருப்பான், நாளைக்கு அரை அடி. லைலாவைச் சின்ன உருவமாக்கிய மூசா மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

திருப்பரங்குன்றம்_டீச்சர்:

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். முதல் என்ற பட்டம் தப்புதான். சுவிட்சர்லாந்தில் ரொடால்ஃப் டாப்ஃபர் என்ற பள்ளிக்கூட வாத்தியார் 1830-களிலேயே கட்டம் கட்டமாகப் படக்கதைப் புத்தகம் போட்டிருக்கிறார் (வாத்தியார் என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்). ஜெர்மனியில் வில்ஹெல்ம் புஷ் 1865-ல் மாக்ஸ், மோரிட்ஸ் என்ற இரண்டு போக்கிரிப் பையன்கள் கதையைப் போட்டார், அதைப் பார்த்துத்தான் ஹான்ஸும் ஃப்ரிட்ஸும் வந்தார்கள். அமெரிக்கப் பேப்பரிலேயேகூட, 1893-லிருந்து சான் பிரான்சிஸ்கோ எக்ஸாமினரில் ஸ்வின்னர்டனின் கரடிக்குட்டிகள் வந்துகொண்டிருந்தன.

ஆனால் பொடியனைத் தள்ளிவிடவும் முடியாது. 1896 அக்டோபர் 25, ஜர்னல். பொடியனும் அவன் புது ஃபோனோகிராஃபும் (பதிவு செய்த குரலைத் திரும்பப் பேசுகிற இயந்திரம்). ஐந்து படம் வரிசையாக, நடுவில் கோடு இல்லை. பெட்டி போன்ற ஃபோனோகிராஃப் பேசுகிறது, பேச்சு பலூன் மாதிரி குமிழுக்குள் வருகிறது, பொடியன் ஜர்னலின் வண்ண இணைப்பு எவ்வளவு உயர்ந்தது என்று அது சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான், அவன் பதில் வழக்கம்போல் சட்டையில். கடைசியில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கிளி வெளியே வருகிறது. பேசியது இயந்திரம் இல்லை, கிளி! பொடியன் குப்புற விழாத குறை. அப்போதுதான் அவன் பேச்சும் சட்டையை விட்டுக் குமிழுக்கு வருகிறது. வரிசைப் படம், குமிழ்ப் பேச்சு, கடைசிக் கட்டத்தில் ஒரு திருப்பம், மூன்றும் ஒரே இடத்தில். எடிசனிடம் சம்பளம் வாங்கிய ஆள் எடிசன் கண்டுபிடித்த கருவியையே கிண்டல் செய்தார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். நீலக் கிளி அண்ணாச்சி, நீங்கள் இதை ஒரு தரம் தேடிப் பாருங்கள்.

தினமும் வருகிற வரிசைப் படம் நிலைத்தது இன்னும் பத்து வருஷம் கழித்து. 1907 நவம்பர் 15, சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள், பட் ஃபிஷர் என்பவர் விளையாட்டுப் பக்கத்தில் மட் என்ற குதிரைப் பந்தயக்காரனை ஆரம்பித்தார். அடுத்த வருஷம் அவனுக்கு ஜெஃப் என்ற குட்டையன் ஜோடி சேர்ந்தான். இந்த ஃபிஷர் அவுட்கால்ட் பட்டதைப் பார்த்தவர் போல. ஹெர்ஸ்டின் பேப்பருக்கு மாறும்போது, கிரானிக்கிளில் கடைசியாக வந்த படத்தின் ஓரத்தில் தன் பெயருக்கு உரிமை என்று ஒரு வரியை யாருக்கும் சொல்லாமல் பொடி எழுத்தில் எழுதிவிட்டார். பேப்பர் கவனிக்கவில்லை. பின்னால் கோர்ட்டிலும் அவர் பக்கம்தான் தீர்ந்தது, பெரும் பணக்காரரானார். ஒரே ஒரு வரி.

கன்னித்தீவுக்கும் வருகிறேன், இல்லாவிட்டால் விடமாட்டீர்கள். ஆதித்தனார் தினத்தந்தியை 1942-ல் ஆரம்பித்தது நம் மதுரையில், கன்னித்தீவு 1960-ல் வந்தது. சின்ன வாக்கியம், பெரிய எழுத்து, படம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களை வாசகர்கள் ஆக்குவது என்ற அந்த எண்ணம் புலிட்சருக்கும் இருந்தது. கன்னித்தீவை முதலில் வரைந்தவர் கணு, அப்புறம் வேறு கைகள். ஆனால் அங்கே மாதிரி சிந்துபாத்தை யாரும் வேறு பேப்பருக்குக் கடத்திக்கொண்டு போகவில்லை. போயிருந்தால் முடித்தாவது இருப்பார்கள்.

ஆப்செட்_அண்ணாச்சி:

தேடிப் பார்த்தேன் டீச்சர். கிளி பச்சைதான். மஞ்சள் சரியாக விழுந்திருக்கிறது.

விளாங்குடி_வாசகன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மகளை உட்காரவைத்து முழுக்கச் சொன்னேன், லட்சுமிகாந்தன் பகுதியை மட்டும் இரண்டு வரியில் முடித்துவிட்டேன். டீச்சர் சொன்ன கிளிப் படத்தைச் செல்போனில் காட்டியதும் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவும் எட்டிப் பார்த்தார், பழுத்த பேப்பர் வாதத்தைக் கைவிடவில்லை, ஆனால் "பையன் நல்லாத்தான் இருக்கான்" என்றார்.

அதோடு விட்டாளா? "முதல்ல அவன் சட்டை நீலம்னு சொன்னீங்கள்ல, அப்படியே விட்டிருந்தா நாம நீலப் பத்திரிகைன்னு சொல்லியிருப்போமா?" என்று கேட்டாள். மாமா புரையேறி இருமினார். நான் கிண்ணத்தில் மஞ்சள் தீர்ந்துவிட்டது என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். இன்னும் அறுபது பத்திரிகை பாக்கி இருக்கிறது.